பேரேட்டுக்கு நடந்த மூடுவிழா

கொஞ்சம் நீளமான பதிவு. தேநீரோடு வாசியுங்கள்.

பாடசாலையில் சம்பவத் திரட்டுப் புத்தகம் என்று ஒன்று இருப்பது ஆசிரியர்களான நமக்கெல்லாம் தெரியும். பக்கங்களுக்கு இலக்கமிட்டிருக்கும். ஒன்றைக் கிழித்தால் உடனே அகப்பட்டுவிடும். உயர்தர வகுப்பில் புளொக்செயினை விளக்க இந்தப் புத்தகத்தையே நாம் உதாரணமாகச் சொன்னோம். ஒரு மாணவி எழுந்து கேட்டாள்: "சேர், பக்கத்த மாத்த ஏலா, சரி. புத்தகத்தையே பூட்டிட்டா?"

அன்று நாம் சொன்ன பதில் நமக்கே திருப்தியாக இருக்கவில்லை. அதனால்தான் பழைய வரலாற்றைத் தேடிப் படித்தோம்.

கதை பிட்கொயினில் தொடங்கவில்லை. அமெரிக்காவின் பெல்கோர் ஆய்வு நிறுவனத்தில் இருந்த ஸ்டுவர்ட் ஹேபர், ஸ்கொட் ஸ்டோர்னெட்டா ஆகிய இருவரும் 1991இல் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். கணினி ஆவணமொன்றின் திகதியைப் பிறகு எவரும் மாற்ற முடியாமல் செய்வது எப்படி என்பதே அவர்களுடைய கேள்வி. ஒவ்வொரு ஆவணத்திலிருந்தும் 'ஹேஷ்' எனும் சிறு குறியீட்டைக் கணித்து, முந்தைய குறியீட்டோடு அடுத்ததைக் கோர்த்துக்கொண்டே போவது அவர்கள் கண்ட வழி. நடுவில் ஓர் எழுத்தை மாற்றினாலும் அதற்குப் பின்னால் உள்ளவை பொருந்தாது.

சங்கிலி சரி, அதை யார் வைத்திருப்பது? இதற்கு அவர்கள் செய்த காரியம்தான் நமக்கு மிகவும் பிடித்தது. ஷூரிட்டி என்ற கம்பனியை ஆரம்பித்து, 1995 முதல் வாரம் ஒருமுறை அந்தக் குறியீட்டை 'நியூயோர்க் டைம்ஸ்' பத்திரிகையின் சிறு விளம்பரப் பகுதியில் அச்சிட்டார்கள். காணாமற்போன பொருட்களின் அறிவித்தல்களுக்கிடையே அர்த்தமில்லாத எழுத்து வரிசை ஒன்று! பத்திரிகை நூலகங்களுக்கும் வீடுகளுக்கும் போய்விட்ட பிறகு கம்பனியே நினைத்தாலும் அதை மாற்ற முடியாது. 2008இல் வெளிவந்த பிட்கொயின் கட்டுரையின் 8 மேற்கோள்களில் 3 இவர்களுடைய ஆய்வுகள்தாம்.

2009 ஜனவரி 3ஆம் திகதி பிட்கொயினின் முதல் தொகுதி உருவானது. மென்பொருளை இறக்கி ஓடவிடும் எவரிடமும் முழுப் பேரேடும் இருக்கும். 2015 ஜூலையில் எதீரியம் வந்தது. பிறகு வங்கிகளும் கம்பனிகளும், ஊருக்கே திறந்த பேரேடு வேண்டாம், தமக்குள் மட்டும் பகிரும் பேரேடு போதும் என்றன. அதற்கென 2015 டிசம்பரில் லினக்ஸ் பவுண்டேஷன் ஹைப்பர்லெட்ஜர் திட்டத்தை அறிவித்தது. அதிலிருந்து வந்த 'ஃபேப்ரிக்' 1.0 பதிப்பு 2017 ஜூலையில் வெளியானது.

அதைக் கையால் நிறுவ முயன்றவர்களைக் கேட்டால் பெருமூச்சு விடுவார்கள். முதலில் ஒவ்வொரு நிறுவனத்துக்கும் சான்றிதழ் வழங்கும் அதிகாரி ஒன்றை அமைக்க வேண்டும். பிறகு பேரேட்டின் பிரதியை வைத்திருக்கும் கணினிகள், அதாவது கணுக்கள். பதிவுகளை வரிசைப்படுத்தும் கணுக்கள் வேறு. யார் யாரோடு பேசலாம் என்பதைத் தீர்மானிக்கும் தடங்கள் அதற்கு மேல். எல்லாவற்றையும் அமைப்புக் கோப்புகளில் எழுத வேண்டும். ஓர் இடைவெளி தவறினாலும் முழுவதும் நின்றுவிடும். இத்தனையையும் இரண்டு மூன்று கம்பனிகள் ஒன்றுசேர்ந்து செய்ய வேண்டும்.

இந்தத் தலைவலிக்கு மருந்தாக வந்ததுதான் இணையக் கட்டுப்பாட்டுப் பலகை. பெயரைக் கொடு, கடவுச்சொல்லைக் கொடு, எந்தப் பிராந்தியம் என்று தெரிவுசெய், பொத்தானை அழுத்து. சில நிமிடங்களில் வலையமைப்பு தயார். ஐபிஎம் கொண்டுவந்தது, அமேசான் 2019 ஏப்ரலில் கொண்டுவந்தது. அடுத்த மாதமே மைக்ரோசொப்டின் 'அஷூர் புளொக்செயின் சேவை' முன்னோட்டமாக வந்தது. ஜேபி மோர்கன் வங்கி உருவாக்கிய 'குவோரம்' மென்பொருளில் அது இயங்கியது. முதலில் சேர்பவர் கூட்டமைப்பை உருவாக்குவார், மற்றவர்களுக்கு அழைப்பு அனுப்புவார், கணுக்களின் நலத்தைத் திரையில் வரைபுகளாகப் பார்ப்பார்.

வசதிதான், மறுக்கவில்லை. பொறியியலாளர் படையில்லாத சிறு நிறுவனமும் பரிசோதித்துப் பார்க்க முடிந்தது. ஆனால் அந்தச் சேவை உருவாக்கிய கணுக்கள் அனைத்தும் ஓடியது மைக்ரோசொப்டின் தரவு மையங்களில். பத்துப் பேரிடம் பத்துப் பிரதிகள். பத்தும் இருந்தது ஒரே வீட்டுக்காரரின் அலுமாரியில். ஒருவரையும் நம்பத் தேவையில்லை என்று தொடங்கிய யோசனை எங்கே வந்து நின்றது பாருங்கள்.

2021 மே மாதம் அறிவித்தல் வந்தது: செப்டெம்பர் 10ஆம் திகதியோடு சேவை நிறுத்தப்படும், தரவுகளை வேறிடத்துக்கு மாற்றிக்கொள்ளுங்கள். மைக்ரோசொப்ட் ஒளித்துச் செய்யவில்லை, நான்கு மாத அவகாசம் கொடுத்தது. ஒரு பக்கத்தைக்கூட எவரும் திருத்தவில்லை. புத்தகம்தான் மூடப்பட்டது.

ஐபிஎம்மின் பலகை இதில் கொஞ்சம் வேறு. வெளியே ஓடும் கணுக்களையும் அதனோடு இணைக்க முடிந்தது; பின்னர் பலகையின் மூலநிரலையே திறந்த மூலமாகக் கொடுத்தார்கள். கம்பனி விலகினாலும் பலகையை நாமே ஓடவிடலாம். ஆனால் மென்பொருள் கையில் இருந்தால் மட்டும் போதாது. அதே ஃபேப்ரிக்கில் மேர்ஸ்க் கப்பல் கம்பனியும் ஐபிஎம்மும் சேர்ந்து நடத்திய 'டிரேட்லென்ஸ்' எனும் சரக்குப் போக்குவரத்துத் தளத்தை மூடுவதாக 2022 நவம்பரில் அறிவித்தார்கள். தொழில்துறை முழுவதும் ஒத்துழைக்கும் நிலை வரவில்லை என்பது சொல்லப்பட்ட காரணம். போட்டியாளர் ஒருவர் நடத்தும் பேரேட்டில் தன் கணக்கை எழுத யாருக்குத்தான் மனம் வரும்?

இவ்வளவையும் வகுப்பில் சொன்னபோது அதே மாணவி விடவில்லை. "அப்ப இறக்கி எடுத்த பேரேட்ட எதுல தொறக்கிற, சேர்?"

மைக்ரோசொப்ட் காட்டிய வழிகள் இரண்டு. ஒன்று, குவோரத்தை 2020இல் பொறுப்பேற்ற கொன்சென்சிஸ் கம்பனியின் சேவைக்குப் போவது. அங்கும் வீட்டுக்காரர் ஒருவர் உண்டு. மற்றது, சொந்தமாக ஏற்பாடு செய்த மெய்நிகர் கணினிகளில் குவோரத்தைத் தாமே நிறுவி, அமைப்புக் கோப்பைத் தாமே எழுதி ஓடவிடுவது. அடுத்த கிழமை கணினி கூடத்தில், இரண்டு கணுக்களோடு, இதைத்தான் செய்து பார்க்கப்போகிறோம்.