டி.பி. குணமான பிறகும் மூச்சு வாங்குவது ஏன்?

ராணிப்பேட்டை, வேலூர், ஆம்பூர், வாணியம்பாடி. பாலாற்றை ஒட்டிய இந்த ஊர்களில் பல ஆயிரம் குடும்பங்களுக்குத் தோல் ஷாப்பும் ஷூ கம்பெனியும்தான் சோறு போடுகின்றன. டி.பி. எனப்படும் காசநோய் வந்தால் இன்று ஆறு மாதம் மாத்திரை, பிறகு 'குணமாகிவிட்டது'. ஆனால் குணமான சிலருக்கு மாடிப்படி ஏறினாலே மூச்சு வாங்குகிறது. இது ஏன்? பதில், காசநோயைக் கட்டுப்படுத்திய வரலாற்றிலேயே இருக்கிறது.

மருந்துக்கு முன்

அந்தக் காலத்தில் நல்ல காற்று, ஓய்வு, சத்தான உணவு, இவைதான் வைத்தியம். இதற்காகவே மதனப்பள்ளி அருகே ஆரோக்கியவரம் சானடோரியம் 1915இல் வந்தது. முற்றிய நோய்க்கு அறுவை சிகிச்சையும் உண்டு. விலா எலும்புகளை எடுத்து, நோயுள்ள நுரையீரலை அமுங்கச் செய்வார்கள். 1940களின் கடைசியில் அமெரிக்க மருத்துவர் ரீவ் பெட்ஸ் வேலூர் சி.எம்.சி.யில் நெஞ்சறுவைப் பிரிவைத் தொடங்கினார். கிருமியை அடக்க நுரையீரலின் ஒரு பகுதியையே விலையாகக் கொடுத்த காலம் அது.

சென்னை காட்டிய வழி

1956இல் சென்னையில் ஒரு பெரிய சோதனை தொடங்கியது. 193 ஏழை நோயாளிகளில் ஒரு பகுதியினர் சானடோரியத்திலும், மற்றவர்கள் தங்கள் வீட்டிலும் ஐசோனியாசிட், பாஸ் மருந்துகளை ஒரு வருடம் சாப்பிட்டார்கள். 1959இல் முடிவு வந்தது. வீட்டில் இருந்தவர்களும் ஏறக்குறைய அதே அளவு குணமானார்கள். குடும்பத்தாருக்குத் தொற்றும் அபாயமும் கூடவில்லை! 1962இல் வந்த தேசிய காசநோய்த் திட்டம் இந்த அடிப்படையில்தான் எழுந்தது. படுக்கைக்குக் காத்திருந்து செத்தவர்கள் பிழைத்தார்கள்.

எண்ணாமல் விட்டது

இந்தத் திட்டங்களில் 'குணம்' என்றால் என்ன? சளியில் கிருமி இல்லை என்பதுதான். நோய் பரவாமல் தடுக்க அது சரியான அளவுகோல். ஆனால் கிருமி அரித்த இடத்தில் வடு விழுகிறது, மூச்சுக்குழாய்கள் சுருங்குகின்றன அல்லது விரிந்து சளி தேங்குகிறது. மாத்திரை இதைச் சரிசெய்யாது.

இது எவ்வளவு பெரிய விஷயம்? லத்தீன் அமெரிக்காவின் ஐந்து நகரங்களில் நடந்த ஆய்வு 2007இல் வெளியானது. காசநோய் வந்தவர்களில் 30.7 சதவீதம் பேருக்கு மூச்சுக்குழாய் அடைப்பு இருந்தது. வராதவர்களில் 13.9 சதவீதம்தான். தென்னாப்பிரிக்கத் தங்கச் சுரங்கத் தொழிலாளரிடம் 2000இல் வெளியான ஆய்வு இன்னும் தெளிவானது. ஒருமுறை காசநோய் வந்தவர்களில் 18.4, இருமுறை 27.1, மூன்று முறையோ அதற்கு மேலோ 35.2 சதவீதம் பேருக்கு மூச்சுத்திறன் நிரந்தரமாகக் குறைந்திருந்தது.

தோல் ஷாப்பில்

ஒரு காலத்தில் இங்கே ஆவாரம் பட்டை, கடுக்காய் போட்டுத் தோலை அரைப் பதமாக்கி அனுப்புவார்கள். 1973இல் மத்திய அரசு அந்த ஏற்றுமதிக்குக் கட்டுப்பாடு விதித்தது. முழுப் பதத் தோலும் ஷூவும் பெருகின. கூடவே பஃபிங் மெஷினின் தோல் தூசி, ஸ்பிரே அறையின் ரசாயன வாடை. வீட்டிலோ விறகடுப்புப் புகை, சிலருக்குப் பீடி. ஏற்கெனவே வடுப்பட்ட நுரையீரல் இத்தனையையும் தாங்க வேண்டும். தினக்கூலி போய்விடுமே என்று இருமலோடு வேலைக்குப் போனால், நோய் பிடிபடுவதற்குள் வடு பெரிதாகிவிடும்.

அப்படியானால் காசநோய்த் திட்டம் தோற்றதா? இல்லவே இல்லை. சீக்கிரம் கண்டுபிடித்து மருந்து தருவதுதான் நுரையீரலைக் காக்கும் முதல் வழி. ஆனால் அது பாதி வேலை. மீதி, மாத்திரை முடிந்ததும் ஒரு ஊதல் சோதனை (ஸ்பைரோமெட்ரி), தூசியில்லாத வேலை, பீடியை விட உதவி. இவை இல்லாவிட்டால் பழைய வடுவையும் இருமலையும் பார்த்து மறுபடி டி.பி. என்று நினைத்து, தேவையில்லாத மருந்து கொடுக்கும் ஆபத்தும் உண்டு.

சென்னைச் சோதனை நோயாளியை வீட்டுக்கு அனுப்பியது. வீட்டிலிருந்து அவர் மறுபடி எந்த வேலைக்குப் போகிறார், எந்தக் காற்றைச் சுவாசிக்கிறார் என்பதையும் இனி கணக்கில் எடுக்க வேண்டும்.