கரண்ட் பில் கட்டும் கதை

"கரண்ட் பில் கட்டியாச்சா?" தமிழ்நாட்டு வீடுகளில் இரண்டு மாதத்துக்கு ஒருமுறை கேட்கும் கேள்வி இது. கேள்வி சின்னதுதான். ஆனால் பணத்தை எப்போது, எப்படிக் கட்டுவது என்பதற்கு நூறு வருடத்துக்கு மேற்பட்ட வரலாறு உண்டு.

பரமக்குடியை எடுத்துக்கொள்வோம். வைகைக் கரையில் இருக்கும் இந்த ஊரும், எதிர்க்கரையில் இருக்கும் எமனேசுவரமும் கைத்தறிச் சேலைக்குப் பெயர் பெற்றவை. பல நெசவாளர்களுக்கு வீட்டுக்குள்ளேயே தறி. நெய்து கொடுத்தால்தான் கூலி, மாதச் சம்பளம் கிடையாது. வருமானம் கொஞ்சம் கொஞ்சமாக வருகிறது. பில் மட்டும் இரண்டு மாதத்துக்கு மொத்தமாக வருகிறது. சிக்கல் இங்கேதான் ஆரம்பிக்கிறது.

லண்டனின் ஒரு பென்னி

இதே சிக்கல் 19ஆம் நூற்றாண்டு இங்கிலாந்திலும் இருந்தது. அங்கே எரிவாயு விளக்குக்கு மூன்று மாதத்துக்கு ஒருமுறை பில் வரும். வாரக்கூலி வாங்கும் தொழிலாளியால் அவ்வளவு பணத்தைச் சேர்த்து வைக்க முடியவில்லை. அதனால் 1890களில் காசு போடும் மீட்டர்கள் பரவின. ஒரு பென்னியைப் போட்டால் அந்தக் காசுக்கு உரிய எரிவாயு வரும். ஏழை வீடுகளுக்கும் எரிவாயு போய்ச் சேர்ந்தது. ஆனால் காசு தீர்ந்தால் அடுப்பும் அணைந்துவிடும்.

வெள்ளை அட்டையும் கவுண்டரும்

தமிழ்நாடு வேறு வழியில் போனது. 1957 ஜூலை 1 அன்று மின்சார வாரியம் உருவானது. முதலில் மின்சாரம், பிறகு பணம் என்பதே வழக்கம். கணக்கெடுப்பவர் வீட்டுக்கு வந்து மீட்டரைப் பார்த்து யூனிட்டையும் தொகையையும் வெள்ளை அட்டையில் எழுதுவார். அட்டையோடு மின்வாரிய அலுவலகத்துக்குப் போய் வரிசையில் நின்று கட்ட வேண்டும். கணக்கெடுத்த நாளிலிருந்து 20 நாள் அவகாசம். தாண்டினால் ஃபியூஸைப் பிடுங்கிவிடுவார்கள், மறுபடி இணைப்புக் கொடுக்கத் தனிக் கட்டணம்.

பில்லின் சுமையைக் குறைக்க அரசும் சலுகைகள் தந்தது. கைத்தறி நெசவாளர்களுக்கு இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் இலவசம் என்று 2006இல் வந்தது. அது 2016இல் 200 ஆகி, 2023இல் 300 ஆனது. எல்லா வீடுகளுக்கும் 100 யூனிட் இலவசம் என்ற உத்தரவு 2016 மே மாதம் வந்தது.

ஒரு யூனிட்டின் விலை

இரண்டு மாதக் கணக்கில் இன்னொரு விஷயமும் இருக்கிறது. 2022 செப்டம்பரில் வந்த கட்டணப்படி ஒரு வீடு 500 யூனிட் எரித்தால் 1,725 ரூபாய். 501 யூனிட் என்றால் 1,958 ரூபாய். ஒரே ஒரு யூனிட்டுக்கு 233 ரூபாய் கூடியது. 500ஐத் தாண்டினால் மலிவான படி ஒன்று இல்லாமல் போவதே காரணம். கணக்கெடுப்பவர் நாலு நாள் தாமதமாக வந்தால்கூட ஒரு குடும்பம் இந்தக் கோட்டைத் தாண்டிவிடலாம். மாதா மாதம் கணக்கெடுக்க வேண்டும் என்ற கோரிக்கை எழுந்ததும், 2021 தேர்தலில் அது வாக்குறுதியானதும் இதனால்தான்.

வரிசை கைக்குள் வந்தது

2000களின் பிற்பகுதியில் இணையம் வழியாகக் கட்டும் வசதி வந்தது. 2016இல் யு.பி.ஐ. வந்த பிறகு செல்போனே கவுண்டராகிவிட்டது. கூடவே மோசடியும் வந்தது. "இன்று இரவு மின்சாரம் துண்டிக்கப்படும், இந்த எண்ணுக்குப் பேசுங்கள்" என்று குறுஞ்செய்தி அனுப்பிப் பலரிடம் பணம் பறித்தார்கள். முகம் பார்த்துக் காசு கொடுத்த காலத்தில் இந்தப் பயம் இல்லை.

மறுபடியும் பென்னி

2021இல் ஒன்றிய அரசு அறிவித்த திட்டம் நாடு முழுவதும் 25 கோடி ஸ்மார்ட் ப்ரீபெய்டு மீட்டர்களைப் பொருத்த இலக்கு வைத்தது. லண்டனின் பென்னி மீட்டர் வேறு வடிவில் திரும்பி வருகிறது என்றே சொல்லலாம்.

கொஞ்சம் கொஞ்சமாகச் சம்பாதிப்பவருக்குக் கொஞ்சம் கொஞ்சமாகக் கட்டுவது வசதிதான். ஆனால் இரண்டு மாத பில் என்பது காப்புத்தொகை வாங்கிக்கொண்டாலும் வாரியம் தரும் வட்டியில்லாக் கடனும்கூட. கூலி தாமதமானாலும் விளக்கு எரியும், தறி ஓடும். ப்ரீபெய்டில் அந்தக் கடன் கிடையாது. கையில் காசு இல்லாத நாளில் மின்சாரமும் இல்லை. எந்த முறை வந்தாலும், கூலி வராத வாரத்தில் நெசவாளர் வீட்டு விளக்கு என்னவாகும் என்பதை முதலில் கேட்க வேண்டும்.