ஆங்கிலத் தேர்ச்சித் தேர்வுகள்: வாயிற்காவலும் அளவுகோலும்

'தேர்' என்னும் வினையடிக்கு ஆராய்தல் என்பதும் தெரிந்தெடுத்தல் என்பதும் பொருளாம். ஒருவரது அறிவை ஆராய்ந்து காண்பதும் தேர்வு. பலவற்றுள் தக்கதொன்றைத் தெரிந்து கொள்வதும் தேர்வு. மேற்படிப்பின் பொருட்டோ, தொழிலின் பொருட்டோ, குடிபெயர்தலின் பொருட்டோ அயல்நாடு செல்ல முற்படும் நம் மாணவர்க்கு இவ்விரண்டும் ஒருங்கே நேர்கின்றன. ஆங்கிலத் தேர்ச்சியை மெய்ப்பிக்கும் தேர்வொன்றை அவர் எழுதுதல் வேண்டும். எழுதுமுன், பல தேர்வுகளுள் எதனை எழுதுவது என்று தெளிதலும் வேண்டும்.

தமிழ்த்துறை மாணவரும் இதற்கு விலக்கல்லர். அயல்நாட்டுப் பல்கலைக்கழகத்தில் சங்க இலக்கியத்தையே ஆராயப் புகுவாரும் பெரும்பாலும் தம் ஆங்கிலத்தை முதற்கண் மெய்ப்பித்தாக வேண்டியுள்ளது. இத்தகையோர் வினவுவது, 'எத்தேர்வு எளிது?' என்பதே. அதற்கு விடை காணுமுன், 'எத்தேர்வு எவரால், எதன் பொருட்டு அமைக்கப்பட்டது?' என்று வினவுதல் முறையாகும். ஏனெனில், இன்று ஒரே பெயரால் வழங்கும் இத்தேர்வுகள் இருவேறு மரபுகளின் வழி வந்தவை. ஒன்று, வருவோரைத் தடுத்தற்கு அரசுகள் அமைத்த வாயிற்காவல். மற்றொன்று, கற்போரின் மொழித்திறனை அறிதற்குப் பல்கலைக்கழகங்கள் அமைத்த அளவுகோல். இவ்விரு மரபுகளையும், அவை பின்னர் ஒன்றோடொன்று கலந்தவாற்றையும் காட்டுதலே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

1. நேட்டால் சட்டம்

வாயிற்காவல் மரபின் தொடக்கத்தில் நம்மவர் வரலாறும் கலந்துள்ளது. சென்னையிலிருந்து சென்ற துரூரோ என்னும் கப்பல் 1860 நவம்பர் 16 அன்று டர்பன் துறையை அடைந்தது. அதுமுதல் தமிழரும் தெலுங்கரும் ஏனை இந்தியரும் ஒப்பந்தத் தொழிலாளராக நேட்டாலின் கரும்புத் தோட்டங்களுக்குக் கொண்டு செல்லப்பட்டனர். காலப்போக்கில், ஒப்பந்தமின்றித் தம் செலவிலேயே இந்தியர் பலர் அங்குச் சென்று வாணிகம் நடத்தலாயினர். இவர்களது வரவை வெள்ளைக் குடியேறிகள் விரும்பிற்றிலர். அதன் விளைவே 1897ஆம் ஆண்டின் குடியேற்றத் தடைச் சட்டம்.

அச்சட்டத்தில் இந்தியர் என்னும் சொல்லோ நிறம் என்னும் சொல்லோ தடைக்குக் காரணமாகக் கூறப்படவில்லை. ஐரோப்பிய மொழியொன்றின் எழுத்தில் விண்ணப்பம் எழுதித் தர இயலாதவர் உள்ளே வரலாகாது என்பதே விதி. ஆயின், அரசின் ஏற்பாட்டின்படி வரும் ஒப்பந்தத் தொழிலாளர்க்கு இவ்விதி பொருந்தாது. தோட்டத்திற் கரும்பு வெட்ட வருவோர்க்கு எழுத்தறிவு வேண்டப்படவில்லை. உரிமையோடு வாழ வருவோர்க்கே அது வேண்டப்பட்டது. தமிழிலக்கண இலக்கியங்களைத் துறைபோகக் கற்றவர் ஒருவர் அன்று டர்பன் துறையில் இறங்கியிருப்பின், அச்சட்டத்தின் முன் அவர் எழுத்தறியாதவரே ஆவர். ஆகவே, ஈண்டு அளக்கப்பட்டது கல்வி அன்று என்பது தெளிவு.

அவ்வாண்டிலேயே இலண்டனில் கூடிய குடியேற்ற நாடுகளின் முதலமைச்சர் மாநாட்டில், பிரித்தானியக் குடியேற்ற நாட்டு அமைச்சர் சோசப்பு சேம்பர்லின், இனத்தையும் நிறத்தையும் வெளிப்படச் சுட்டாது தடை செய்யும் இம்முறையை ஏனையோர்க்கும் பரிந்துரைத்தார். மொழித்தேர்வு வேற்றுமையை மறைக்கும் திரையாகப் பயன்பட்டமைக்கு இஃது ஒரு சான்றாகும்.

2. ஆத்திரேலியாவின் சொல்வதெழுதுதல்

நேட்டாலின் முறையை ஆத்திரேலியா 1901இல் மேற்கொண்டது. அதிகாரி ஐம்பது சொற்கள் அடங்கிய பகுதியொன்றை ஐரோப்பிய மொழி ஒன்றிற் படிப்பார். வந்தவர் அதனைப் பிழையின்றி எழுதுதல் வேண்டும். எம்மொழியிற் படிப்பது என்பதை அதிகாரியே தீர்மானிப்பார். ஆங்கிலம் அறிந்தவர்க்குப் பிரெஞ்சிலும், பிரெஞ்சு அறிந்தவர்க்கு வேறொரு மொழியிலும் தேர்வு வைத்தல் அவர்க்கு இயலும். 1902 முதல் 1909 வரை 1,359 பேர் இத்தேர்விற்கு உட்படுத்தப்பட்டனர். 52 பேரே வென்றனர். 1909க்குப் பின்னர் வென்றவர் எவருமிலர். வெல்லுதற்கு வழியில்லாதவாறு அமைத்த ஒன்றைத் தேர்வு எனல் பெயரளவிற்கே பொருந்தும்.

இதன் இயல்பை உலகறியச் செய்தது 1934ஆம் ஆண்டின் நிகழ்ச்சி. பிராகு நகரினரும் செருமன் மொழி எழுத்தாளருமான எகான் எர்வின் கிசு, போர் எதிர்ப்பு மாநாடொன்றிற் பேச ஆத்திரேலியாவுக்கு வந்தார். ஐரோப்பிய மொழிகள் பலவற்றை அறிந்த அவர்க்கு இசுகாத்துலாந்தின் கேலிக்கு மொழியில் தேர்வு வைக்கப்பட்டது, அவர் தோற்றார். வழக்கு உயர் நீதிமன்றத்தை அடைந்தபோது, கேலிக்கு மொழி அச்சட்டம் கருதிய ஐரோப்பிய மொழி ஆகாது எனத் தீர்ப்பாயிற்று. இச்சொல்வதெழுதுதல் முறை 1958ஆம் ஆண்டுச் சட்டத்தால் ஒழிக்கப்பெற்றது.

3. அமெரிக்க நாட்டின் இருமுகம்

அமெரிக்க ஐக்கிய நாடு 1917இல் எழுத்தறிவுத் தேர்வை மேற்கொண்டது. பதினாறு வயதிற்கு மேற்பட்டோர் முப்பது முதல் நாற்பது சொற்களைப் படித்துக் காட்டுதல் வேண்டும். நேட்டாலைப் போலன்றி, வருவோர் தாம் அறிந்த எம்மொழியிலும் படிக்கலாம். இவ்வளவில் நோக்கின், தமிழ் மட்டுமே அறிந்தவரும் எழுத்தறிந்தவராகக் கொள்ளப்படுவர். ஆயின், அதே சட்டம் ஆசியாவின் பெரும்பகுதியைத் தடை வலயமாக வரையறுத்தது. இந்தியா அவ்வலயத்துள் அடங்கியது. மொழியின் கதவு திறந்தது. நிலத்தின் கதவு அடைபட்டது.

1924ஆம் ஆண்டுச் சட்டம் நாடுதோறும் குடியேறுவோர் தொகையை வரையறுத்தது. மாணவர் அவ்வரையறைக்குப் புறம்பாக வரலாம். எனவே, மாணவர் என்று வருவோர் மெய்யாகவே கற்கும் ஆற்றலுடையவரா என்று அறியும் தேவை எழுந்தது. 1930இல் கல்லூரி நுழைவுத் தேர்வுக் குழு அயல்நாட்டு மாணவர்க்கென ஆங்கிலத் தேர்வு ஒன்றை நடத்தியது. பொருளாதாரத் தாழ்வுக் காலமாதலின் அது சில ஆண்டுகளுள் நின்றது. எனினும், வரலாற்று நோக்கில் அஃது இன்றியமையாதது. வாயிற்காவலும் அளவுகோலும் முதன்முதற் கைகோத்த இடம் அதுவேயாகும்.

4. பல்கலைக்கழக மரபு

அளவுகோல் மரபின் பழைய சான்று கேம்பிரிட்சுப் பல்கலைக்கழகம் 1913இல் நடத்திய ஆங்கிலத் தேர்ச்சிச் சான்றிதழ்த் தேர்வு. தம் நாட்டிற்குத் திரும்பி ஆங்கிலம் கற்பிக்க விரும்பும் அயல்நாட்டாரை நோக்கி அஃது அமைந்தது. மொழிபெயர்ப்பு, இலக்கணம், கட்டுரை, இலக்கியம், ஒலியியல், வாய்மொழி எனப் பன்னிரண்டு மணி நேரம் நீண்ட அத்தேர்வை எழுதியவர் மூவர், மூவரும் தோற்றனர். தோல்வி இங்கும் முழுமையே. ஆயினும் இத்தோல்வியையும் ஆத்திரேலியத் துறைமுகத் தோல்வியையும் ஒன்றெனக் கருதலாகாது. முன்னதில் வினா இன்னது என மாணவர் முன்னரே அறிவர். பின்னதில் அதனை அதிகாரி ஒருவரே அறிவார்.

அமெரிக்காவில் மிச்சிகன் பல்கலைக்கழகத்தின் இராபர்ட்டு இலாடோ, மொழியை ஒலி, சொல், தொடர் எனக் கூறுபடுத்தித் தனித்தனியே சோதிக்கும் முறையை வளர்த்தார். அவரது மொழித்தேர்வு பற்றிய நூல் 1961இல் வெளிவந்தது. அவ்வாண்டு வாசிங்டனில் கூடிய மாநாட்டில் சான் கரோல், கூறுகளைத் தனித்தனியே அளத்தலோடு மொழியின் முழுப் பயன்பாட்டையும் அளத்தல் வேண்டும் என்றார். இதன் தொடர்ச்சியாக டோஃபல் தேர்வு 1964இல் முதன்முதல் நடத்தப்பெற்றது. தரப்பட்ட விடைகளுள் ஒன்றைக் குறிக்கும் முறையே அதில் மேலோங்கி நின்றது. மாணவர் தாமே எழுதும் கட்டுரை 1986இல் தனித்தேர்வாகச் சேர்ந்தது. பேச்சு, 2005இல் வந்த இணையவழித் தேர்விலேயே முதன்மைத் தேர்வின் பகுதியாயிற்று. கரோல் கூறியது நிறைவேற நாற்பது ஆண்டுகளுக்கு மேல் ஆயிற்று என்க.

இங்கிலாந்தில் ஆலன் டேவிசு உருவாக்கிய தேர்வை பிரிட்டிசுக் கவுன்சில் 1965 முதல் பயன்படுத்தியது. 1980இல் வந்த இ. எல். டி. எஸ். தேர்வு, மருத்துவம், தொழில்நுட்பம், சமூகவியல் என மாணவரின் துறைக்கேற்ற தனிப் பகுதிகளைக் கொண்டிருந்தது. 1989இல் ஆத்திரேலியரும் பங்கேற்க, அஃது ஐ. இ. எல். டி. எஸ். ஆயிற்று. துறைவாரிப் பகுதிகள் மூன்றாகச் சுருங்கி, 1995இல் முற்றும் நீங்கின. ஒரு மாணவரின் துறை எது, ஒரு பகுதி எத்துறைக்கு உரியது என்று வரையறுத்தல் எளிதன்று என்பதைக் கரோலைன் கிளாப்பம் போன்றோரின் ஆராய்ச்சி காட்டிற்று. எஞ்சியது, கல்விக்கென ஒன்றும் பொதுப்பயிற்சிக்கென ஒன்றும் ஆகிய இருவகையே. இவ்விருவகைப் பிரிவு, மேலே கூறிய இருவகை நோக்கங்களை இன்றும் நினைவூட்டுகின்றது.

5. மரபுகள் கலந்தமை

அண்மைக் காலத்தில், பல்கலைக்கழகத்தின் பொருட்டு எழுந்த தேர்வுகளையே அரசுகளும் குடியேற்றத்திற்குச் சான்றாகக் கொள்ளலாயின. அதனால் தேர்வின் எண் சேர்க்கையை மட்டுமன்றி வாழ்வையும் தீர்மானிப்பதாயிற்று. 2014இல் இங்கிலாந்தில் டோயிக் தேர்வு மையங்கள் சிலவற்றில் ஆள்மாறாட்டம் நடந்தமையைத் தொலைக்காட்சி நிகழ்ச்சியொன்று வெளிப்படுத்தியது. அதன்பின், 2011 முதல் 2014 வரை நடந்த ஏறத்தாழ 58,000 தேர்வுகளுள் நூற்றுக்கு 97 ஐயத்திற்குரியவை எனத் தேர்வு நிறுவனம் வகைப்படுத்தியது. பல்லாயிரம் மாணவரின் விசா நீக்கப்பட்டது. 2019இல் அந்நாட்டுத் தேசியத் தணிக்கை அலுவலகம், குற்றமற்றோர் சிலரும் இதிற் சிக்கியிருத்தல் கூடும் எனச் சுட்டியது. மாணவர் தம் ஆங்கிலத்தை மீண்டும் பேசிக் காட்டினும் பழைய சான்றின்மீது விழுந்த ஐயம் நீங்கவில்லை. அளவுகோல் வாயிற்காவலரின் கைக்குச் செல்லுமிடத்து நேரும் இடர் இது.

6. தெரிந்தெடுக்குமாறு

இவ்வரலாற்றினின்று மாணவர் கொள்ளத்தக்க நெறி ஒன்றுண்டு. வள்ளுவர் தெரிந்து வினையாடல் என்றோர் அதிகாரம் வகுத்து, வினைக்கேற்ப ஆளைத் தெரிதலை வலியுறுத்தினார். தேர்வையும் அவ்வாறே வினைக்கேற்பத் தெரிதல் வேண்டும்.

முதலாவதாக, சான்றைப் பெறுவோர் யாவர் என்று காண்க. அமெரிக்காவிற் கற்கச் செல்வார்க்கு எத்தேர்வு வேண்டும் என்பதைப் பல்கலைக்கழகமே வரையறுக்கின்றது. இங்கிலாந்திலோ, பட்டப்படிப்பிற்குப் பல்கலைக்கழகம் தானே மதிப்பிடலாம். ஆயின் வேறு பல விசாக்களுக்கு அரசு ஏற்ற தேர்வை, அரசு ஏற்ற மையத்தில் எழுதினாலன்றிச் செல்லாது.

இரண்டாவதாக, நோக்கம் காண்க. கனடாவில் நிலையாகக் குடியேற விண்ணப்பிப்போர் ஐ. இ. எல். டி. எஸ். எழுதின், பொதுப்பயிற்சி வகையையே எழுதுதல் வேண்டும். கல்வி வகையில் மிகுந்த மதிப்பெண் பெறினும் அது கொள்ளப்படாது. செல்பிப் பொதுத்தேர்வும், 2024 முதல் பி. டி. இ. கோர் தேர்வும் ஆண்டு ஏற்கப்படுகின்றன. பல பல்கலைக்கழகங்கள் ஏற்கும் டுவோலிங்கோ தேர்வு இக்குடியேற்றத்திற்கு உதவாது. மருத்துவர்க்கும் செவிலியர்க்கும், ஆத்திரேலியாவில் தோன்றிய ஓ. இ. டி. தேர்வு பொருத்தமானது, நோயாளியுடன் உரையாடுதலும், அவரைப் பற்றிப் பிற மருத்துவர்க்கு மடல் வரைதலும் அதன் வினாக்கள். துறைவாரித் தேர்வு ஐ. இ. எல். டி. எஸ்.இல் நீங்கினும் இங்கு நிலைத்தமை நோக்கத்தக்கது. தொழிலின் எல்லை தெளிவாயிருத்தலே அதற்குக் காரணம் எனலாம்.

மூன்றாவதாகவே எளிமையைக் கருதுக. ஐ. இ. எல். டி. எஸ்.இல் பேச்சைத் தேர்வாளர் ஒருவர் உரையாடி மதிப்பிடுகின்றார். 2009இல் தோன்றிய பி. டி. இ. அகாதமிக் தேர்வில் ஒலிவாங்கிமுன் பேசுதல் வேண்டும். மதிப்பீடு பெரும்பாலும் கணினியின் வேலை. எது தமக்கு இயல்போ அதனைக் கொள்க. மதிப்பெண்கள் பொதுவாக ஈராண்டே செல்லுமாதலின், விண்ணப்ப நாளைக் கணக்கிட்டே தேர்வு நாளைக் குறித்தல் வேண்டும். ஏற்புப் பட்டியல்கள் அடிக்கடி மாறுவன. பயிற்சி நிலையத்தார் கூற்றை நம்பாது, உரிய பல்கலைக்கழகம் அல்லது அரசின் அறிவிப்பையே நேரிற் காண்க.

7. முடிவுரை

நேட்டால் சட்டத்தில் மொழி, ஆளை விலக்கும் கருவியாயிற்று. கேம்பிரிட்சுத் தேர்வில் கற்றலை அளக்கும் கருவியாயிற்று. இன்றைய தேர்வுகளில் இரண்டும் விரவிக் கிடக்கின்றன. ஆதலின், குறைந்த எண் பெற்ற மாணவர் தம்மைக் கல்வியிற் குறைந்தவராகக் கருதுதல் வேண்டா. அவ்வெண், ஒரு குறிப்பிட்ட நிறுவனம் ஒரு குறிப்பிட்ட நோக்கத்தோடு வினவிய வினாவிற்கு ஒரு நாளில் தந்த விடையே. தமிழில் அவர் பெற்ற புலமையை அஃது அளந்ததும் இல்லை, அளக்க வந்ததும் இல்லை. தமிழைப் பிறமொழியினர்க்குக் கற்பித்துச் சான்றளிக்கும் பணியில் ஈடுபடுவோர்க்கும் இவ்வரலாறு பயன்படும். வினா அமைக்குமுன், நாம் அளக்க விரும்புகின்றோமா, தடுக்க விரும்புகின்றோமா என்று தம்மைத் தாமே வினவிக் கொள்வது அவர்தம் முதற் கடமையாகும்.