அரசு விலகி நிற்கும் இடம்: இராஜாஜியின் மரபுவாதமும் தனிமனித உரிமையும்

முன்னுரை

அரசு எவ்விடத்தில் தலையிட வேண்டும், எவ்விடத்தில் விலகி நிற்க வேண்டும் என்பது அரசியல் சிந்தனையில் மிகப் பழைய வினா. அதற்குத் தரப்பட்ட விடைகளுள் ஒன்று தனிமனித உரிமையையும் மரபையும் ஒருசேரப் பேண விழைவதாகும். உடைமை, தொழில், வணிகம் ஆகியவற்றில் அரசு கைவைக்கலாகாது. குடும்பமும் சமயமும் வழிவழி வந்த ஒழுக்கமுமே சமுதாயத்தைத் தாங்கி நிற்பன என்பது அவ்விடையின் சாரம். தமிழ்நாட்டு வரலாற்றில் இவ்விடையைச் சிந்தனையளவில் மட்டுமன்றி ஆட்சியளவிலும் செயற்படுத்திப் பார்த்தவர் சக்கரவர்த்தி இராஜகோபாலாச்சாரியார் (1878–1972).

நம் நாட்டு மாணவர் பலருக்கு இராஜாஜி இரண்டு வகையில் அறிமுகமாகிறார். ஒன்று, ‘சக்கரவர்த்தித் திருமகன்’, ‘வியாசர் விருந்து’ ஆகியவற்றின் ஆசிரியர். மற்றொன்று, குலக்கல்வித் திட்டத்தைக் கொணர்ந்தவர். முன்னது வணக்கத்தோடும் பின்னது வெறுப்போடும் கூறப்படுகின்றது. இரண்டுக்கும் இடையே அவருடைய அரசியல் கொள்கை காணாமற் போய்விடுகின்றது. 1937, 1952, 1953 ஆகிய ஆண்டுகளில் அவர் மேற்கொண்ட மூன்று முடிவுகளையும், 1959இல் அவர் தோற்றுவித்த கட்சியையும் ஒரே கண்ணோட்டத்தில் வைத்துக் காண இக்கட்டுரை முற்படுகின்றது. அரசு விலகினால் அவ்விடத்தில் அறம் வந்து நிற்கும் என்பது இராஜாஜியின் நம்பிக்கை. அவ்விடத்தில் வந்து நின்றது எப்போதும் அறந்தானா என்பதே ஈண்டு ஆராயத்தக்கது.

கள்ளும் கருவூலமும்

1937ஆம் ஆண்டு சூலைத் திங்களில் சென்னை மாகாணத்தின் பிரதமராக இராஜாஜி பொறுப்பேற்றார். அவ்வாண்டு அக்டோபர் 1ஆம் நாள் சேலம் மாவட்டத்தில் மதுவிலக்கு நடைமுறைக்கு வந்தது. அம்மாவட்டத்தைத் தேர்ந்தது தற்செயலன்று. அவர் பிறந்த தொரப்பள்ளி அன்றைய சேலம் மாவட்டத்தைச் சேர்ந்தது. வழக்கறிஞராகத் தொழில் நடத்தியதும், நகராட்சித் தலைவராக விளங்கியதும் சேலத்தில்தான். 1925இல் திருச்செங்கோட்டை அடுத்த புதுப்பாளையத்தில் காந்தி ஆசிரமம் அமைத்து, 1929இல் அங்கிருந்து ‘விமோசனம்’ என்னும் மதுவிலக்கு இதழை நடத்தினார். அவ்விதழில் அவருக்குத் துணைநின்றவர் கல்கி. உழவரும் நெசவாளரும் வாரக் கூலியைக் கள்ளுக்கடையில் விட்டுத் திரும்புவதை அருகிருந்து கண்டவர் இராஜாஜி.

உரிமைக் கொள்கை பேசுவோர் உடனே எழுப்பக்கூடிய வினா ஒன்று உண்டு. ஒருவன் எதைக் குடிப்பது என்பதை அரசு ஆணையிடுவது தலையீடு அன்றோ? இராஜாஜியின் பக்கம் நின்று நோக்கினால் இதற்கு விடை இல்லாமற் போகவில்லை. அன்றைய ஆட்சிமுறையில் கள்ளுக்கடைகளை ஏலத்தில் விட்டுக் குத்தகைப் பணம் பெற்றது அரசே. மாகாண வருவாயில் ஏறக்குறைய நான்கில் ஒரு பங்கு கலால் வருவாயாக இருந்தது. ஆதலின் மதுவிலக்கு என்பது, குடிமகனின் பலவீனத்தில் பங்கு கேட்டு நின்ற அரசை அவ்விடத்தினின்று வெளியேற்றுவது என்று அவர் கருதினார். இது வலுவான வாதமே.

ஆயினும் அரசு ஒரு வாயிலில் வெளியேறி மற்றொரு வாயிலில் நுழைந்தது. இழந்த வருவாயை ஈடுசெய்ய 1939இல் பொது விற்பனை வரி கொணரப்பட்டது. இந்தியாவிலேயே இத்தகைய பொது வரியை முதலில் விதித்தது சென்னை மாகாணம். கள்ளுக்கடையை விட்டு நீங்கிய அரசு இப்போது மளிகைக் கடையின் கணக்கேட்டைத் திறந்து பார்க்கத் தொடங்கியது. பிற்காலத்தில் வணிகர் உரிமைக்குக் குரல் கொடுத்த தலைவரே அவ்வரிக்கு மூலவர் என்பதை அவருடைய அன்பர்கள் பெரும்பாலும் பேசுவதில்லை. மேலும், மதுவிலக்கு தன்னளவிலேயே ஓர் அனுமதி முறையாகவும் அமைந்தது. மருத்துவத்துக்கு அனுமதி, பதநீர் இறக்க அனுமதி, குடித்தே பழகியவர்க்கு அனுமதிச் சீட்டு என்று அது விரிந்தது. மரமேறிகள் பலர் தொழில் இழந்தனர்.

நம் வட்டாரத் தமிழர் வரலாற்றோடு இதனை ஒப்பிட்டு நோக்குவது பயன்தரும். மலாயாத் தோட்டங்களிலும் கள்ளுக்கடை உரிமம் பெற்றே நடந்தது. தொழிலாளி பெற்ற கூலியில் ஒரு பகுதி தோட்ட எல்லைக்குள்ளேயே திரும்பிச் சென்றது. 1947இன் தொடக்கத்தில் கெடா மாநிலத்துப் பீடோங் வட்டாரத்தில் தொண்டர் படையினர் கள்ளுக்கடைகளுக்கு எதிராக மறியல் செய்தபோது காவல்துறையோடு மோதல் நேர்ந்தது. தொழிலாளி ஒருவர் உயிரிழந்தார். சேலத்தில் மதுவை விலக்கியது ஆட்சியாளரின் சட்டம். கெடாவில் அதனை விலக்க முயன்றவர்கள் கூலித் தொழிலாளர்கள். சட்டம் அவர்களுக்கு எதிர்ப்பக்கத்தில் நின்றது. குடி கேடு என்னும் ஒரே முடிவுக்கு இருவரும் வந்தனர் எனினும், ஒழுக்கம் மேலிருந்து விதிக்கப்படுவதும் கீழிருந்து திரண்டெழுவதும் ஒன்றல்ல. இவ்வேறுபாடு இக்கட்டுரையின் பிற்பகுதியிலும் நினைவிற் கொள்ளத்தக்கது.

அதே முதல் ஆட்சியில் மற்றொன்றும் நிகழ்ந்தது. பள்ளிகளில் கட்டாய இந்தி புகுத்தப்பட்டபோது எழுந்த எதிர்ப்பை அடக்க, ஆங்கில அரசு காங்கிரசாரை ஒடுக்கப் பயன்படுத்திய 1932ஆம் ஆண்டுக் குற்றவியல் திருத்தச் சட்டத்தையே இராஜாஜி கையிலெடுத்தார். நடராசன், தாளமுத்து ஆகியோர் 1939இல் சிறைக்காவலில் இருந்தபோது இறந்தனர். பின்னாளில் அவரே இந்தித் திணிப்பை உறுதியாக எதிர்த்தார் என்பது உண்மை. அம்மாற்றத்தைச் சந்தர்ப்பவாதம் என்று ஒதுக்குவது எளிது. இக்கட்டுரையாளர் அவ்வாறு கருதவில்லை. தாம் ஐயமின்றி நன்மை என்று நம்பிய ஒன்றில் பிறருடைய இசைவைக் கேட்க வேண்டும் என்று அவருக்குத் தோன்றுவதில்லை. நம்பிக்கை மாறியபோது நிலைப்பாடும் மாறியது, இயல்பு மாறவில்லை.

அரிசி

1952ஆம் ஆண்டுப் பொதுத்தேர்தலில் 375 இடங்கள் கொண்ட சென்னைச் சட்டமன்றத்தில் காங்கிரசு 152 இடங்களையே வென்றது. நெருக்கடியைத் தீர்க்க இராஜாஜி அழைக்கப்பட்டார். அவர் தேர்தலில் நிற்கவில்லை. ஆளுநரால் மேலவைக்கு நியமிக்கப்பட்டு முதலமைச்சரானார். மக்கள் வாக்கைப் பெறாத ஒருவர், போர்க்காலம் முதல் மக்களை வாட்டிவந்த ஒரு கட்டுப்பாட்டை நீக்கினார் என்பது வரலாற்றின் விந்தைகளுள் ஒன்று.

இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் தொடங்கிய உணவுப் பங்கீடு அதுவரை நீடித்தது. உழவர் அரசு குறித்த விலைக்கு நெல்லை அளந்து கொடுக்க வேண்டும். ஒரு மாவட்டத்து அரிசியை மற்றொரு மாவட்டத்துக்குக் கொண்டுசெல்வதற்குத் தடை. தட்டுப்பாட்டை நீக்க வந்த முறையே பதுக்கலையும் கள்ளச் சந்தையையும் வளர்த்தது. சிறு அதிகாரி ஒருவரின் கையெழுத்துக்குப் பெருமதிப்பு உண்டாயிற்று. 1952 சூன் திங்களில் இராஜாஜி இக்கட்டுப்பாடுகளை நீக்கினார். மத்திய உணவமைச்சர் ரஃபி அகமது கித்வாயும் இக்கருத்துக்கு ஆதரவானவர். பஞ்சம் வரும், விலை வானளாவும் என்று அஞ்சியவர்கள் பலர், அவ்வாறு நிகழவில்லை.

இராஜாஜியின் கொள்கை முழு வெற்றி பெற்ற இடம் இதுவே எனலாம். இங்கே அரசு விலகிய இடத்தில் வந்து நின்றவர்கள் நெல் விளைத்தவனும் அதனை வாங்கியவனும் ஆவர். அவ்விருவரும் தத்தம் நலனை அறிந்தவர்கள். பேரம் படியாவிடில் எழுந்து செல்லும் உரிமை இருவருக்கும் இருந்தது.

பள்ளிக்கூடம்

மறு ஆண்டு அதே முதலமைச்சர் அதே மனப்பாங்குடன் பள்ளிக்கூடத்தை அணுகினார். 1953–54ஆம் கல்வியாண்டு முதல் நகரம் அல்லாத பகுதிகளின் தொடக்கப் பள்ளிகளில் ஒரு குழந்தை நாளொன்றுக்கு மூன்று மணி நேரம் படித்தாற் போதும். எஞ்சிய பொழுதில் பெற்றோரின் தொழிலைக் கற்கலாம் என்னும் திருத்தத் தொடக்கக் கல்வித் திட்டம் அறிவிக்கப்பட்டது. இரு வேளை முறையால் அதே ஆசிரியரும் அதே கட்டடமும் இருமடங்கு மாணவர்க்குப் பயன்படும் என்பது நிதிநிலை சார்ந்த காரணம். பள்ளிப் பருவத்துக் குழந்தைகளுள் பெரும்பகுதியினர் பள்ளிக்கு வெளியே இருந்த காலம் அது. 14 வயது வரை கட்டாய இலவசக் கல்வி தர வேண்டும் என்று அரசமைப்பின் 45ஆம் பிரிவு பணித்திருந்தது, கருவூலத்தில் பணமில்லை.

கொள்கை சார்ந்த காரணம் அதனினும் ஆழமானது. கல்வி முழுவதையும் அரசே தன் கூரையின்கீழ்க் கொணர்தல் தகாது. வீடும் பட்டறையும் வயலும் பள்ளிகளே என்று இராஜாஜி கருதினார். எழுத்தறிவுக்கு மட்டுமே மதிப்புத் தந்து கைத்தொழிலைத் தாழ்வாகக் கருதும் மனப்போக்கை அவர் வெறுத்தார். தாளில் எழுதிப் பார்த்தால் இது உணவுக் கட்டுப்பாடு நீக்கத்தின் மறுபதிப்பே. அரசு சுருங்கட்டும், குடும்பம் விரியட்டும்.

ஆனால் தமிழ்ச் சமுதாயத்தில் தந்தையின் தொழில் என்பது வெறுந்தொழில் அன்று. அது சாதியின் மறுபெயர். நெல் வணிகன் பேரம் படியாவிடில் எழுந்து போகலாம். சலவைத் தொழிலாளியின் ஏழு வயது மகன் எங்கே எழுந்து போவான்? ஆணையில் சாதி என்னும் சொல் இடம்பெறவில்லை. எனினும் அவனுக்கு அந்த வீட்டிலிருந்து வெளியேற இருந்த ஒரே வாயில் பள்ளிக்கூடம். அதுவும் அரைநாள் அடைக்கப்பட்டது. ‘குலக்கல்வி’ என்று எதிர்ப்பாளர் சூட்டிய பெயர் நிலைத்ததற்கு அவர்களின் பரப்புரைத் திறன் மட்டுமே காரணம் அன்று. கேட்டவர்களின் பட்டறிவும் காரணம். ஊர்ப்புறத்துக்கு மட்டும் இத்திட்டம், நகரத்துக்கு இல்லை என்பது அப்பட்டறிவை மேலும் கூர்மையாக்கியது. தொடக்கப் பள்ளியில் கற்பிக்கும் எவரும் மூன்று மணி நேரம் கழித்து எந்தக் குழந்தை எங்கே அனுப்பப்படும் என்பதை எளிதில் ஊகிப்பர்.

பெரியாரும் திராவிட முன்னேற்றக் கழகத்தாரும் மட்டுமன்றிக் காங்கிரசுக்குள்ளேயே பலரும் எதிர்த்தனர். 1953 சூலையில் திட்டத்தைக் கைவிடக் கோரிய தீர்மானத்தின்மீது சட்டமன்றத்தில் வாக்குகள் சமமாகப் பிரிந்தன. அவைத்தலைவரின் வாக்கால் அது தோற்றது. அவ்வளவு நெருக்கடி நேர்ந்தும் இராஜாஜி இறங்கி வரவில்லை. 1954 ஏப்பிரலில் அவர் பதவி விலகினார். அடுத்து வந்த காமராசர் மே திங்களில் திட்டத்தை நீக்கினார்.

இராஜாஜியின் ஆதரவாளர் இன்றும் கூறும் மறுமொழி, திட்டம் தவறாகப் புரிந்துகொள்ளப்பட்டது என்பதாகும். சிக்கனத்தைப் பொறுத்தமட்டில் அம்மறுமொழியில் உண்மை உண்டு. ஆயினும் புரிதற் பிழை மக்களிடத்து இருந்ததினும் முதலமைச்சரிடத்தே மிகுதியாக இருந்தது என்பதே இக்கட்டுரையாளரின் துணிபு. பிறர் அஞ்சிய இல்லத்தை அவர் தாம் வளர்ந்த இல்லமாகவே எண்ணிக்கொண்டார்.

சுதந்திராக் கட்சி

1959 சனவரியில் நாகபுரிக் காங்கிரசு மாநாடு கூட்டுறவுப் பண்ணை முறையை ஏற்றுத் தீர்மானம் நிறைவேற்றியது. உழவனின் நிலம் பறிபோகும் என்று அஞ்சிய இராஜாஜி, அவ்வாண்டு சூன் திங்களில் சென்னையில் சுதந்திராக் கட்சியைத் தொடங்கினார். அப்போது அவருக்கு வயது எண்பது. என்.ஜி. ரங்கா தலைவர், மினு மசானி பொதுச்செயலாளர். ‘பர்மிட்–லைசென்ஸ் ராஜ்யம்’ என்று அவர் ஆக்கிய தொடர், 1991இன் பொருளாதாரச் சீர்திருத்தத்தின் போது கட்சி வேறுபாடின்றிப் பலராலும் எடுத்தாளப்பட்டது.

அனுமதி முறைமீது அவர் தொடுத்த குற்றச்சாட்டு பொருளியலைச் சார்ந்தது மட்டுமன்று. உரிமம் தருபவனையும் பெறுபவனையும் அது ஒருசேரக் கெடுக்கின்றது; உரிமம் பெற்ற பெருமுதலாளி தேர்தல் நிதி தருகின்றான், தராதவன் வாயிலில் காத்திருக்கின்றான் என்பது அதன் சாரம். 1963ஆம் ஆண்டுத் தங்கக் கட்டுப்பாட்டு விதிகள் பதினான்கு காரட்டுக்கு மேற்பட்ட நகை செய்வதைத் தடுத்துப் பொற்கொல்லர் வாழ்வைக் குலைத்தபோது, தில்லியில் தீட்டப்படும் திட்டம் தெருவோரப் பட்டறையில் என்ன செய்யும் என்பதை நாடு கண்டது. இங்கே நோக்கத்தக்க முரண் ஒன்றுண்டு: 1953இல் தந்தைவழித் தொழிலைக் காப்பது மாணவனின் காலில் தளையாயிற்று, 1963இல் அதே தொழிலைக் காப்பது பொற்கொல்லனின் உரிமையாயிற்று. அத்தொழிலில் நிற்பதா விடுவதா என்பதைத் தேர்பவர் யார் என்பதே இரண்டுக்கும் உள்ள வேறுபாடு.

கட்சிக் கோட்பாடுகள் இருபத்தொன்று. அடிப்படைக் கொள்கைகளுக்குள் அடங்காத பொருள்களில் உறுப்பினர் தத்தம் கருத்தின்படி நடக்கலாம் என்பது அவற்றுள் இறுதியானது. இதனால் மதுவிலக்கை உயிராகப் போற்றிய தலைவரும் அதனை ஏற்காத பம்பாய் நண்பர்களும் ஒரே கட்சியில் அமர முடிந்தது. முன்னாள் மன்னர்களும் நிலக்கிழார்களும் ஆலை அதிபர்களும் மிகுந்த கட்சி என்ற பழியும் அதற்கு உண்டு. அது பொய்ப்பழி அன்று. 1962இல் மக்களவையில் 18 இடங்களையும் 1967இல் 44 இடங்களையும் பெற்ற அக்கட்சி, 1971இல் எட்டு இடங்களாகச் சுருங்கியது.

இறுதிப் போர்

1967இல் திராவிட முன்னேற்றக் கழகத்தோடு கூட்டுச் சேர்ந்து காங்கிரசை வீழ்த்தியதில் இராஜாஜிக்குப் பெரும்பங்கு உண்டு. அக்கழகம் தனிப்பெரும்பான்மை பெற்றமையால் ஆட்சியில் அவருக்குப் பங்கு தேவைப்படவில்லை. 1971இல், பதினேழாண்டுகளுக்கு முன் தம் திட்டத்தை நீக்கிய காமராசரோடு சேர்ந்து அதே கழகத்தை எதிர்த்துத் தோற்றார்.

அவ்வாண்டு கலைஞர் மு. கருணாநிதியின் அரசு மதுவிலக்கைத் தளர்த்த முடிவு செய்தது. தொண்ணூற்றிரண்டு வயது முதியவர் முதலமைச்சரை நேரிற் கண்டு அம்முடிவைக் கைவிட வேண்டினார். மறுபுறம், 1921இல் கள்ளுக்கு எதிராகத் தம் தோப்புத் தென்னைகளை வெட்டிச் சாய்த்த பெரியார், பிற்காலத்தில் மதுவிலக்குச் சட்டத்தைத் தனிமனித உரிமையில் தலையிடுவதாகக் கண்டித்தவர். தமிழ்நாட்டில் குடியைப் பற்றிய உரிமை வாதத்தை உரத்துப் பேசியவர் சுதந்திராக் கட்சித் தலைவர் அல்லர், அவருடைய ஆயுட்கால எதிராளியும் நண்பருமான பெரியாரே.

1971 ஆகத்தில் மதுவிலக்கு ஒத்திவைக்கப்பட்டது. 1974இல் மீண்டும் நடைமுறைக்கு வந்தது. இடையே 1972 திசம்பர் 25ஆம் நாள் இராஜாஜி மறைந்தார். 1974இல் அவருடைய கட்சி பாரதிய லோக் தளத்தில் கலந்து மறைந்தது. 1983இல் தமிழ்நாடு மாநில வாணிபக் கழகம் என்னும் டாஸ்மாக் தோற்றுவிக்கப்பட்டு, மதுவின் மொத்த விற்பனை அரசு நிறுவனத்தின் தனியுரிமையாயிற்று. 2003இல் சில்லறைக் கடைகளும் அதன் கைக்கு வந்தன. 1937இல் ஏலம் விட்டுக் குத்தகைப் பணம் பெற்ற அரசு, இப்போது கல்லாப்பெட்டிக்குப் பின்னால் தானே அமர்ந்தது; அங்கு விற்கும் ஒவ்வொரு புட்டியின்மீதும், கள்ளுக்கடையை மூடுவதற்காக 1939இல் பிறந்த அதே விற்பனை வரியின் வழிவந்த வரியும் வசூலாகின்றது.