கடல் கடந்த தமிழாய்வு

ஒரு மொழியின் ஆய்வு அம்மொழி வழங்கும் நிலத்துக்குள்ளேயே அடங்கிவிடுமாயின் அதன் வளர்ச்சி குன்றும். இவ்வுண்மையை நன்குணர்ந்தவர் தனிநாயகம் அடிகளார். ஈழத்தில் பிறந்த அவர், 1952இல் ‘தமிழ்க் கல்ச்சர்’ என்னும் ஆங்கிலக் காலாண்டிதழைத் தொடங்கித் தமிழின் வளத்தைப் பிறமொழி அறிஞர்க்கு எடுத்துரைத்தார். 1961இல் மலாயாப் பல்கலைக்கழகத்து இந்திய ஆய்வியல் துறையின் தலைமையை ஏற்றார்.

1964 சனவரியில் புதுதில்லியில் கீழ்த்திசை ஆய்வாளர் மாநாடு கூடியது. அதற்கு வந்திருந்த தமிழாய்வாளரை ஒருங்கிணைத்து, அடிகளார் உலகத் தமிழாராய்ச்சி மன்றம் தோன்ற வழிவகுத்தார். பிரெஞ்சு அறிஞர் பிலியோசா தலைவரானார். செக் நாட்டு அறிஞர் கமில் சுவலபில் அடிகளாருடன் செயலாளர் பொறுப்பேற்றார். தமிழைத் தாய்மொழியாகக் கொள்ளாதாரும் அதன் ஆய்வுக்கு உரியவரே என்பதை இவ்வமைப்பே உணர்த்திற்று.

மன்றத்தின் முதல் மாநாடு 1966 ஏப்பிரலில் கோலாலம்பூரில் நடைபெற்றது நமக்குப் பெருமை. பின்னர் சென்னை (1968), பாரிசு (1970), யாழ்ப்பாணம் (1974) என அது தொடர்ந்தது. ஆயினும் 1995இல் தஞ்சையில் எட்டாம் மாநாடு கூடியபின், ஒன்பதாவது 2015இல்தான் கோலாலம்பூரில் கூடியது. இருபதாண்டு இடைவெளி சிறிதன்று.

மாநாட்டுப் பந்தல் சில நாளில் பிரிக்கப்படும். கட்டுரைத் தொகுதியும் அறிஞர் தொடர்புமே நிலைத்து நிற்கும். ஆதலின் மாணவர்காள்! தமிழை ஆழக் கற்பதோடு பிறிதொரு மொழியையும் ஆய்வுக்கு ஏற்பக் கற்பீராக. அடிகளார் திறந்த வாயில் அடைபடாதிருத்தல் நம் கையிலேயே உள்ளது.