எல். வைத்தியநாதன்

எல். வைத்தியநாதன் (1942–2007) வயலின் கலைஞர்; தமிழ், கன்னடத் திரைப்படங்களுக்கும் தொலைக்காட்சித் தொடர்களுக்கும் இசையமைத்தவர். ‘மால்குடி டேஸ்’ தொடரின் முகப்பு இசையும் ‘ஏழாவது மனிதன்’ படத்தின் பாரதியார் பாடல்களும் வசனமே இல்லாத ‘பேசும் படம்’ படத்தின் பின்னணி இசையும் இவருடையவை. இவற்றைக் கேட்டவர்கள் கோடிக்கணக்கில் இருப்பார்கள். யார் இசை என்று கேட்டால் பதில் சொல்லக்கூடியவர்கள் மிகக் குறைவு.

தந்தை வி. லட்சுமிநாராயணா வயலின் வித்வான். பக்கவாத்தியமாகவே இருந்துவந்த வயலினைத் தனிக் கச்சேரிக்கு உரிய வாத்தியமாக்க வேண்டும் என்பதில் பிடிவாதமாக இருந்தவர். யாழ்ப்பாணத்தில் இசை கற்பித்துக்கொண்டிருந்தபோது, இலங்கைத் தமிழருக்கு எதிரான 1958 கலவரம் வந்தது. குடும்பம் சென்னைக்குப் பெயர்ந்தது. பிள்ளைகளுக்குத் தந்தையே குரு. வைத்தியநாதனும் தம்பிகள் எல். சுப்பிரமணியமும் எல். சங்கரும் மூவராக மேடையேறி வாசித்தார்கள். பிறகு வழிகள் பிரிந்தன. சுப்பிரமணியம் உலக மேடைகளுக்குப் போனார். சங்கர், கிதார் கலைஞர் ஜான் மெக்லாஃப்லினுடன் ‘சக்தி’ குழுவில் சேர்ந்தார். மூத்தவர் தென்னிந்தியத் திரைப்பட ஒலிப்பதிவுக் கூடங்களில் தங்கிவிட்டார்.

திரையில் அவருக்குப் பள்ளிக்கூடம் ஜி. கே. வெங்கடேஷின் குழு. இளையராஜா தனியாகப் படம் செய்வதற்கு முன் உதவியாளராக இருந்ததும் அதே குழுவில்தான். வெங்கடேஷ் தமிழைவிடக் கன்னடத்தில் பெரிய பெயர் பெற்றிருந்தவர். வைத்தியநாதனின் திரைவாழ்க்கையும் கன்னடத்தில் வேர்விட்டது. காசிநாத் இயக்கிய ‘அபரிசித’ (1978) படத்துக்காக வாணி ஜெயராம் பாடிய பாட்டு இன்றும் கர்நாடகத்தில் மேடைதோறும் ஒலிக்கிறது. பின்னர், கவிதைகளுக்கு மெட்டமைத்துப் பாடும் பாவகீதைகளுக்குப் பேர்போன சி. அஸ்வத்துடன் சேர்ந்து ‘அஸ்வத்–வைதி’ என்ற இரட்டைப் பெயரில் ‘ஆலெமனே’ (1981) உள்ளிட்ட படங்களுக்கு இசையமைத்தார். கவிதையின் சொல் சிதையாமல் மெட்டுக் கட்டுவது அஸ்வத்தின் பலம். அந்தக் கூட்டுறவில் வைத்தியநாதனுக்குக் கிடைத்த பயிற்சி, அடுத்து வந்த தமிழ்ப் படத்தில் கைகொடுத்திருக்க வேண்டும் என்றே தோன்றுகிறது.

அந்தப் படம் கே. ஹரிஹரனின் ‘ஏழாவது மனிதன்’. பாரதி நூற்றாண்டான 1982-ஐ ஒட்டி வந்தது. ரகுவரனுக்கு முதல் படம். பாடல்கள் அனைத்தும் பாரதியுடையவை. இதில் இருந்த சிக்கல் சிறியதன்று. ‘நாம் இருவர்’ (1947) படத்தில் டி. கே. பட்டம்மாள் பாடியவையும், ‘கப்பலோட்டிய தமிழன்’ (1961) படத்துக்கு ஜி. ராமநாதன் அமைத்தவையும் மக்கள் மனத்தில் பதிந்துபோயிருந்தன. கச்சேரி மேடைகளில் வேறு மெட்டுகள் வழங்கிவந்தன. இத்தனைக்கும் பிறகு பாரதியைப் புதிதாகப் பாடவைக்க வேண்டும். யேசுதாஸ் பாடிய நந்தலாலா பாட்டைக் கேட்டால் வைத்தியநாதன் அதை எப்படிச் செய்தார் என்பது விளங்கும். பாட்டில் அவசரம் கிடையாது. ஒவ்வொரு அடியும் முடிந்து, அதன் பொருள் உள்ளே இறங்க நேரம் கொடுத்த பிறகே அடுத்தது வருகிறது. வாத்தியங்கள் குரலை முந்துவதில்லை. இன்று பலருக்கு அந்தக் கவிதை நினைவுக்கு வருவதே இந்த மெட்டோடுதான். சிறந்த தமிழ்ப் படத்துக்கான தேசிய விருதை ‘ஏழாவது மனிதன்’ பெற்றது.

ஆர். கே. நாராயணின் கதைகளை வைத்துச் சங்கர் நாக் இயக்கிய ‘மால்குடி டேஸ்’ 1980-களின் பிற்பாதியில் தூர்தர்ஷனில் ஒளிபரப்பானது. படப்பிடிப்பு கர்நாடகத்தின் ஆகும்பேயில். ஆர். கே. லட்சுமணின் கோட்டோவியங்களோடு ஓடிய முகப்புக்கு வைத்தியநாதன் கொடுத்தது ஒரு ஹம்மிங். அதில் சொல்லே இல்லை. ‘தா’, ‘ன’ என்ற ஒலிகள் மட்டும். தெருவில் நடந்துகொண்டே ஒருவர் முணுமுணுப்பது மாதிரியான மெட்டு. மால்குடி எந்த வரைபடத்திலும் இல்லாத ஊர். அதற்கு ஒரு மொழியைக் கொடுத்திருந்தால் அது ஒரு மாநிலத்துக்குள் அடைபட்டிருக்கும். சொல்லை விலக்கியதால் இந்தி பேசும் ஊர்களிலும் தமிழ் பேசும் ஊர்களிலும் பிள்ளைகள் அதை ஒரே மாதிரி பாடிக்கொண்டு திரிந்தார்கள். இந்தியத் தொலைக்காட்சிக்காக உருவான முகப்பிசைகளில் இதற்கு இணையாகச் சொல்ல இரண்டு மூன்றுதான் தேறும். சங்கர் நாக், ராஜ்குமாரை வைத்து எடுத்த ‘ஒந்து முத்தின கதே’ (1987) படத்துக்கும் இவரே இசை.

சிங்கீதம் சீனிவாசராவின் ‘பேசும் படம்’ வெளியானதும் 1987-ல். வேலையில்லாத இளைஞனாகக் கமல்ஹாசன்; படம் முழுக்க யாரும் ஒரு வார்த்தை பேசுவதில்லை. இப்படிப்பட்ட படத்தில் வசனத்தின் வேலை மொத்தத்தையும் இசையின் தலையில் கட்டிவிடும் ஆசை யாருக்கும் வரும். வைத்தியநாதன் அதற்கு இடம் கொடுக்கவில்லை. நாயகன் குடியிருப்பது ஒரு சினிமா கொட்டகையை ஒட்டிய அறை. கொட்டகைச் சத்தத்திலேயே தூங்கிப் பழகியவனுக்கு, நட்சத்திர ஓட்டலில் தங்க வாய்க்கும்போது அங்குள்ள அமைதியில் தூக்கம் வருவதில்லை. அந்தச் சத்தத்தை நாடாவில் பதிந்து கொண்டுவந்து ஓடவிட்டுத் தூங்குகிறான். இந்த நகைச்சுவை முழுக்க ஒலியால் ஆனது. அங்கே இசை குறுக்கிட்டால் காட்சி செத்துவிடும். எங்கே விலகி நிற்பது என்பதை இவர் அறிந்திருந்தார். அந்தக் கணக்குக்காகவே திரைப்பட இசை பயில்வோர் இப்படத்தைத் தொடக்கம் முதல் இறுதிவரை காதால் பார்க்க வேண்டும்.

பாலு மகேந்திராவின் ‘சந்தியா ராகம்’ (1989), கே. எஸ். சேதுமாதவனின் ‘மறுபக்கம்’ (1990) இரண்டுக்கும் அடுத்தடுத்து இசையமைத்தார். முன்னதில் முதியவராக நடித்தவர் சொக்கலிங்க பாகவதர். இந்திரா பார்த்தசாரதியின் ‘உச்சி வெயில்’ கதையைக் கொண்டு எடுக்கப்பட்ட ‘மறுபக்கம்’, தேசிய அளவில் சிறந்த திரைப்படமாகத் தேர்வுபெற்ற முதல் தமிழ்ப் படம். கிரீஷ் காசரவள்ளியின் ‘மனெ’ படத்தின் இசையும் இவருடையதே.

பாட்டுகளை நம்பி வியாபாரம் ஆகாத படங்களைத் தேடி எடுத்தவர்கள் திரும்பத் திரும்ப இவரிடம் வந்ததைத் தற்செயல் என்று சொல்ல முடியாது. பெரிய நாயகர்களின் தமிழ்ப் படங்கள் இவர் பக்கம் அதிகம் வரவில்லை. கேசட் கடைகளில் இவர் பெயர் முன்வரிசைக்கு வராததற்கு அதுவே காரணம். தமிழில் இவரைப் பற்றி எழுதப்பட்டவை சொற்பம்; கன்னட ரசிகர்களே இவரைக் கூடுதலாக நினைவில் வைத்திருக்கிறார்கள். வைத்தியநாதன் 2007 மே மாதம் சென்னையில் காலமானார்.