எட்வர்ட் பார்ன்ஸ்

சர் எட்வர்ட் பார்ன்ஸ் (1776–1838) பிரித்தானியப் படைத்தளபதி, இலங்கையின் தேசாதிபதி. 1792இல் படையில் சேர்ந்தார். 1815இல் வாட்டர்லூ களத்தில் வெலிங்டனின் கீழ் உயர் அதிகாரியாக நின்று படுகாயமடைந்தார். 1820–22இல் பதில் தேசாதிபதியாகவும், 1824 முதல் 1831 வரை தேசாதிபதியாகவும் இலங்கையை ஆண்டார். வீதிகளை அமைத்தவர் என்றே அவர் பெரிதும் போற்றப்படுகிறார். மலையகத் தேயிலைத் தோட்ட ஊரான தலவாக்கலையிலிருந்து பார்த்தால் அந்தப் பெயர் போதாது. தோட்டக்காரருக்கு அரசே துணைநிற்கும் முறைக்கு மலையகத்தில் அடித்தளமிட்டவர் அவர்.

1817–18 ஊவாக் கிளர்ச்சியின் பின், படை விரைந்து செல்லவே கண்டி வீதி முதலில் வேண்டியிருந்தது. கடுகண்ணாவையில் மலைப்பாறையைக் குடைந்தே வழி திறந்தார்கள். அந்த வேலையில் பெரும்பங்கு அரசுக்கான கட்டாய உழைப்பாகிய இராஜகாரியத்தின் கீழ் ஊதியமின்றி இழுத்துவரப்பட்ட கிராமத்தவருடையது. அதே காலத்தில் கம்பளையருகே சிங்ஹபிட்டியவில் ஜோர்ஜ் பேர்ட் கோப்பி பயிரிட்டார். கன்னொறுவையில் பார்ன்ஸ் தாமே தோட்டம் போட்டார். கோப்பி ஏற்றுமதி வரியை நீக்கியதும், தோட்டங்களில் வேலைசெய்வோரை இராஜகாரியத்திலிருந்து விலக்கியதும் அவருடைய ஆட்சிதான். சட்டம் செய்தவரே அதன் பலனையும் பெற்றார் என்பது சிறிய விடயமல்ல.

வீதி எல்லோருக்கும் பயன்பட்டதே, அந்தக் காலத்து ஆட்சியாளர் வேறெப்படி நடந்திருப்பார் என்று கேட்கலாம். பயன் உண்மை, ஆனால் காலத்தின் மேல் பழியைப் போட முடியாது. அதே காலத்தில் வந்து விசாரித்த பிரித்தானிய ஆணையாளர் கோல்புறூக் இராஜகாரியத்தை ஒழிக்கச் சொன்னார். பார்ன்ஸ் அதைக் காக்க வாதாடினார். அவர் பதவி விட்ட மறுவருடமே, 1832இல், அது ஒழிக்கப்பட்டது.

கோப்பி 1869இல் கண்ட இலைநோயால் பின்னர் அழிந்தது. தேயிலையை 1867இல் லூல்கந்துரையில் வளர்த்தவர் ஜேம்ஸ் டெய்லர். ஆகவே தலவாக்கலைக்கும் பார்ன்ஸுக்கும் தொடர்பில்லை என்பது இன்னும் வலுவான மறுப்பு. பயிர் மாறியது மெய்தான். மாறாமல் நின்றது ஏற்பாடு: தோட்டத்துக்கென அரசு போடும் பாதை, தோட்டத்துக்கென வளையும் வரி, தென்னிந்தியாவிலிருந்து வரும் ஆட்கள். 1820களில் கொண்டுவரப்பட்ட முதல் தமிழ்த் தொழிலாளர் பலர் தங்காமல் போய்விட்டனர். பிந்திய கோப்பித் தோட்டங்களுக்கு ஆயிரக்கணக்கானோர் மன்னாரில் கரையிறங்கி மாத்தளை வழியாகக் காட்டுப்பாதையில் நடந்தே வந்தனர், வழியில் மாண்டோரும் பலர். 1885இல் நானுஓயாவை எட்டிய இருப்புப்பாதையும் தலவாக்கலை வழியே போனது, தோட்டத்துச் சரக்கைக் கொழும்புக்கு இறக்குவதற்காகத்தான்.